வழக்காளி யார்? பிரஜாவுரிமைத் தகராறும் எண்பிக்கும் சுமையும்

பிரஜாவுரிமைத் தகராறு எதிலும், ஒருவர் இந்த நாட்டவரா என்ற வினாவுக்கு முன்பாகவே வேறொரு வினா தீர்க்கப்பட்டுவிடுகின்றது: நாட்டவர் என்பதை அவர் எண்பிக்க வேண்டுமா, நாட்டவரல்லர் என்பதை அரசு எண்பிக்க வேண்டுமா? ஆவணங்கள் குறைவின்றி இருக்குமிடத்தில் இவ்வினா பெரிதாகத் தோன்றாது. எவர் எண்பித்தாலும் முடிவு ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஆவணம் என்றுமே எழுதப்படாத, அல்லது எழுதப்பட்டும் வெள்ளத்திலும் நெருப்பிலும் இடப்பெயர்விலும் அழிந்துபோன மக்களிடையே, சுமை எவர் தோளில் ஏற்றப்பட்டதோ அவரே தோற்கின்றார். எனவே எண்பிக்கும் சுமை என்பது வழக்கு நடத்தும் முறை பற்றிய விதியாகக் காட்சியளித்தாலும், ஐயம் தீராதபோது பிழையின் தீங்கை எவர் அனுபவிப்பது என்ற அறத் தீர்மானம் அதற்குள் அடங்கியிருக்கின்றது. அத்தீர்மானத்தை 1948இல் சுதந்திர இலங்கை எவ்வாறு செய்தது என்பதையும், இந்நாட்டு முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின், அதாவது ஷாபிஈ சட்டப்பள்ளியின், நீதிமரபு கொண்டு அதனை எவ்வாறு மதிப்பிடலாம் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

வாதிடுபவர் சான்று கொண்டுவர வேண்டும், மறுப்பவர் மீது சத்தியம் மாத்திரமே கடமையாகும் என்ற கருத்துடைய நபிமொழி, இமாம் நவவி தொகுத்த நாற்பது ஹதீஸ்களில் இடம்பெற்று, மத்ரஸாக்களில் சிறுவயதிலேயே கற்பிக்கப்படுவது. வெறும் வாதத்தின் பேரில் மனிதருக்குக் கொடுக்கப்படுமாயின் பிறருடைய உயிரையும் உடைமையையும் எவரும் கோரிவிடலாம் என்ற அச்சத்தையே அந்த நபிமொழி தன் காரணமாகக் காட்டுகின்றது. இதன் பக்கத்தில் இரு பொதுவிதிகள் நிற்கின்றன. உறுதியாக அறியப்பட்ட ஒன்று ஐயத்தினால் நீங்கிவிடாது என்பது ஒன்று. முன்பிருந்த நிலை மாறியதென்று நிறுவப்படும்வரை அதுவே தொடர்வதாகக் கொள்ளப்படும் என்பது மற்றொன்று. ‘இஸ்திஸ்ஹாப்’ எனப்படும் இந்த இரண்டாவது விதிக்கு ஷாபிஈ அறிஞர்கள் தனி முக்கியத்துவம் அளித்துள்ளனர். வுழூ, அதாவது தொழுகைக்கான அங்கசுத்தி, செய்தவருக்கு அது முறிந்ததோ என்ற ஐயம் எழுந்தால் வுழூ முறியவில்லை என்று கொள்வதும், காணாமற்போனவர் இறந்தார் என்பது நிறுவப்படும்வரை அவருடைய சொத்தைப் பங்கிடாதிருப்பதும் இவ்விதிகளின் வழியே வந்தவை.

ஆயினும் இவ்விதிகளைப் பிரஜாவுரிமைக்குப் பொருத்துமிடத்தில் உண்மையான இடர்ப்பாடு ஒன்று உள்ளது. வாதிடுபவர் மீதே சுமை என்றால், ‘நான் இந்நாட்டுப் பிரஜை’ என்று கூறுபவர் வாதிடுபவர் அல்லரா, அவரே சான்று கொண்டுவரட்டும் என்று ஓர் அதிகாரி கேட்பாராயின் அதற்கு என்ன மறுமொழி? இந்தக் கேள்வியைப் புறந்தள்ளிவிட முடியாது. பிரஜாவுரிமை கோருவோர் மீது சுமையை ஏற்றும் சட்டங்கள் யாவும் இதன் மீதே நிற்கின்றன. முதலில் வாய் திறந்தவரே வழக்காளி என்று கொண்டால் நீதி எளிதில் புரட்டப்பட்டுவிடும் என்பதை உணர்ந்த புகஹாக்கள், அதாவது சட்ட அறிஞர்கள், வழக்காளி யார், எதிராளி யார் என்பதற்கு இரண்டு வரைவிலக்கணங்களை ஆராய்ந்தனர். வெளிப்படையாகத் தெரியும் நிலைக்கு மாறாகப் பேசுபவர் வழக்காளி, அந்நிலைக்கு இணங்கப் பேசுபவர் எதிராளி என்பது முதலாவது. 13ஆம் நூற்றாண்டில் இமாம் நவவி எழுதிய மின்ஹாஜ் இதனையே வலுவானதாகக் கொள்கின்றது. மௌனமாக இருந்துவிட்டால் தொந்தரவின்றி விடப்படுபவர் வழக்காளி, மௌனமாக இருந்தாலும் விடப்படாதவர் எதிராளி என்பது இரண்டாவது. அதாவது வழக்கைத் தொடங்கியவர் கைவிட்டால் வழக்கு அழிந்துபோகும். எதிராளிக்கோ அந்தச் சுதந்திரம் இல்லை.

இவ்விரு அளவுகோல்களையும் மனத்திற்கொண்டு 1948ஐ நோக்க வேண்டும். அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அத்திகதிக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வமிசாவழிப் பிரஜையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. பிறப்புகளைக் கட்டாயமாகப் பதியும் ஏற்பாடு 1895ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தினாலேயே உறுதிபெற்றதாகையால், 1948இல் நடுவயதில் இருந்த எவருக்கும் தந்தையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கிடைப்பதே அரிது. பாட்டனுடையது பெரும்பாலும் இருந்திருக்க முடியாது. ஆயினும் அந்தப் பத்திரம் எல்லோரிடமும் கேட்கப்படவில்லை. மலையகத் தோட்டங்களின் லயன் அறைகளில் வாழ்ந்த, இந்திய வமிசாவழியினர் என்று குடிசன மதிப்பீட்டில் எழுதப்பட்ட சுமார் 8 இலட்சம் தமிழரிடமும், நகரங்களில் வணிகம் செய்த இந்தியச் சோனகர் போன்ற சிறு தொகையினரிடமுமே அது கேட்கப்பட்டது. 1948 திசெம்பர் 10ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் உறுப்புரை எவருடைய தேசிய இனத்துவ உரிமையும் எதேச்சையாகப் பறிக்கப்படலாகாது என்றபோது, இலங்கையின் சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கு கிழமைகூட நிறைந்திருக்கவில்லை.

தகுதியிழந்தோருக்கு வழிவிடுவதாகக் கூறிக்கொண்டு 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் (பிரஜாவுரிமை) சட்டம் வந்தது. 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன் மணமானவர் 7 வருடங்களும் மணமாகாதவர் 10 வருடங்களும் இடைவிடாது இலங்கையில் வதிந்திருக்க வேண்டும். ஒரு தடவையில் 12 மாதங்களுக்கு மேல் வெளியே தங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். விண்ணப்பிக்க இரண்டு வருடங்களே தவணை. அத்தவணை 1951 ஆகத்து 5ஆம் திகதி முடிந்தது. அம்மக்களின் அமைப்பான இலங்கை இந்தியர் காங்கிரஸ் முதலில் பகிஷ்கரித்துப் பின்னர் இறுதி மாதங்களில் விண்ணப்பங்களைத் திரட்டியதால், நெருக்கடியில் எழுதப்பட்ட படிவங்கள் பல பிழைகளைச் சுமந்துகொண்டே போயின. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பிக்கப்பட்டும் பிரஜைகளாகப் பதியப்பட்டோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மாத்திரமே. நடைமுறையின் இயல்பே இவ்விளைவைத் தந்தது. விண்ணப்பத்தில் குறை கண்ட அதிகாரி, ஏன் நிராகரிக்கக் கூடாது என்பதற்கு விண்ணப்பதாரர் காரணம் காட்ட வேண்டும் என்று அறிவித்தல் அனுப்புவார். காட்டத் தவறினால் நிராகரிப்பு உறுதியாகும். தொழிலாளியின் வதிவுக்குச் சான்றான செக்ரோல், அதாவது நாட்சம்பளப் பதிவேடு, தோட்டத்துரையின் அலுவலகத்தில் இருந்தது. கடல்கடந்து வந்தோரின் பதிவுகள் இந்தியக் கரையில் இருந்த மண்டபம் முகாமின் ஏடுகளில் இருந்தன. ஆவணங்களை வைத்திருந்தவர்கள் ஒருபுறம் இருக்க, அவற்றைக் கொண்டுவா என்று கட்டளை பெற்றவர், பெரும்பாலும் எழுத்தறியாத தொழிலாளி, மறுபுறம் நின்றார்.

இந்த மக்கள் மௌனமாக இருந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று கேட்டால், புகஹாக்களின் இரண்டாவது அளவுகோலுக்கு விடை கிடைத்துவிடும். அவர்கள் எதையும் கோரி நீதிமன்றம் ஏறவில்லை. கொழுந்து பறித்து, வரி செலுத்தி, 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் வாக்களித்து ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தவர்கள் அவர்கள். மௌனமாக இருந்தவர்களின் வாக்குரிமை 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டத்தினால் அழிந்தது. மௌனம் அவர்களைக் காக்கவில்லை. அரசு மௌனமாக இருந்திருந்தால் எவருக்கும் எதுவும் நேர்ந்திராது. ஆகவே வழக்கைத் தொடுத்தது அரசு, எதிராளி தொழிலாளி. முதலாவது அளவுகோலும் இதே முடிவையே தருகின்றது: மூன்று தலைமுறையாக ஒரே மலைச்சரிவில் பிறந்து இறந்தவர்கள் அவ்விடத்துக்கு உரியவர்கள் என்பதே வெளிப்படையான நிலை, அதற்கு மாறாகப் பேசியது சட்டம். எதிராளியின் கையில் விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்து அவரை வழக்காளியின் இடத்தில் நிறுத்தியதே 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை அநீதி என்பது இக்கட்டுரையின் துணிபு. கோரிக்கை எதனையும் முன்வைக்காதவரைக் கோரிக்கையாளராக்கிய பின்பு, சான்றில்லை என்று தள்ளுபடி செய்வது எளிதாகிவிட்டது.

இதே நாட்டின் பொதுச்சட்டம் வேறு விடயங்களில் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு பொருள் எவருடைய ஆட்சியில் உள்ளதோ அவர் அதன் உரிமையாளர் அல்லர் என்று சொல்பவரே அதனை எண்பிக்க வேண்டும். கல்முனைக் கண்டத்து வயலொன்றை உறுதியின்றி ஆண்டுவருபவரும்கூட, 10 வருடங்கள் இடையூறின்றி, பிறர் உரிமையை ஒப்புக்கொள்ளாது ஆண்டதைக் காட்டினால் 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி உரிமை பெறுவார். காணிக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, அதே காலம் அதே இடத்தில் உழைத்த மனிதருக்குக் கிடைக்கவில்லை. இன்னும் வியப்பானது பிரஜாவுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவாகும். பெற்றோர் இன்னாரென அறிய முடியாத, கைவிடப்பட்ட நிலையில் இலங்கையில் கண்டெடுக்கப்பட்ட சிசு, மாறாக எண்பிக்கப்படும்வரை வமிசாவழிப் பிரஜையாகக் கொள்ளப்படும் என்று அது கூறுகின்றது. பிக்ஹு, அதாவது இஸ்லாமியச் சட்ட, நூல்களில் ‘லகீத்’ எனப்படும் கண்டெடுத்த குழந்தை பற்றிய அத்தியாயத்தின் நீதியும் இதுவே: அக்குழந்தை சுதந்திரமானது என்பதே மூலநிலை, அடிமை என்று வாதிடுபவரே சான்று கொண்டுவர வேண்டும். தகப்பன் பெயர் தெரியாத குழந்தைக்கு நியாயமாகக் கிடைத்த அனுமானம், தகப்பனும் பாட்டனும் ஊரறிய வாழ்ந்து அதே தோட்டத்து மண்ணில் அடக்கம்பெற்ற குழந்தைக்கு மறுக்கப்பட்டது. அனுமானத்தின் பயனைச் சட்டம் அறியாததன்று. எவருக்கு அதைக் கொடுப்பது என்பதில்தான் அது கைநடுங்கியது.

சட்டத்தின் சார்பில் சொல்லப்பட்ட வாதம், அது எவரையும் பெயர் சுட்டி விலக்கவில்லை, எல்லோருக்கும் ஒரே அளவுகோலையே வைத்தது என்பதாகும். கேகாலை மாவட்டத்தில் வாக்காளர் இடாப்பு பற்றிய தகராறு ஒன்றில், இச்சட்டங்கள் சமூகம் எதற்கும் பாதகமான சட்டத்தைத் தடுத்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்று திருத்தும் அதிகாரி ஒருவர் தீர்த்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், முதனாயக்கா வழக்கு என அறியப்படும் தீர்ப்பில், பிரஜைகள் எவரெனத் தீர்மானிப்பது பாராளுமன்றத்தின் இயல்பான அதிகாரம் என்று கூறிச் சட்டங்களை நிலைநிறுத்தியது. அளவுகோல் ஒன்றாயினும் அது எவர் மீது வைக்கப்படுகின்றது என்பதை அத்தீர்ப்பு போதிய அளவு நோக்கவில்லை.

கிழக்குக் கரையோரத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். முஸ்லிம்களும் தமிழர்களும் அடுத்தடுத்து வாழும் நற்பிட்டிமுனையிலோ, மருதமுனையிலோ, சாய்ந்தமருதிலோ 1948இல் வாழ்ந்த ஒருவரிடம் தந்தைவழிப் பூட்டனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைக் கேட்டிருந்தால் அவரும் கைவிரித்திருப்பார். மேலும் இப்பிரதேசத்தின் சமூக நினைவு தாய்வழியாக ஓடுவது. முஸ்லிம்களிடையேயும் தமிழர்களிடையேயும் ஒருவருடைய குடி தாயின் குடியே. பெண்ணுக்கே வீடு சீதனமாகப் போகின்றது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் என்ற வழக்கம் இருந்தது. தாயின் தாய், அவளுடைய தாய் எந்த வளவில் பிறந்தாள் என்று சொல்லக்கூடிய முதியோர், தந்தைவழிப் பூட்டன் பிறந்த இடத்தைச் சொல்லத் தடுமாறியிருக்கலாம். சட்டமோ, மணவுறவில் பிறந்தோரைப் பொறுத்தவரை, 2003ஆம் ஆண்டின் திருத்தம் வரை தாயைக் கணக்கில் எடுக்கவேயில்லை. ஆயினும் இக்கரையோர மக்கள் பிரஜைகளாக வாழ்ந்தனர். அவர்கள் பத்திரம் காட்டி எண்பித்தமையால் அல்ல, அவர்களிடம் எவரும் கேட்காமையால். சட்டத்தின் அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாயிருந்தது, ஐயம் மட்டும் தெரிந்தெடுத்து ஏவப்பட்டது. கேட்கப்படாமையே ஒரு பாதுகாப்பு என்பதை, அதனை அனுபவிக்கும் சமூகம் எளிதில் உணர்வதில்லை.

2004 திசெம்பர் 26ஆம் திகதிச் சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் 10 ஆயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். கரையோர வீடுகளோடு பிறப்பு, விவாகப் பத்திரங்களும் அடையாள அட்டைகளும் காணி உறுதிகளும் போயின. அப்போது அரசு, பத்திரமில்லாதவர் பிரஜையல்லர் என்று கூறவில்லை. 2005இல் விசேட ஏற்பாடுகள் சட்டம் இயற்றி, காணாமற்போனோரின் மரணங்களைப் பதிவுசெய்யவும் உரிமைகளைக் காக்கவும் வழிவகுத்தது. கிராம உத்தியோகத்தரும் அயலவரும் பள்ளிவாசலும் கோவிலும் சொன்ன சொல் சான்றாயிற்று. இது கருணை என்று மட்டும் கொள்ளப்படலாகாது. ஆவணம் இல்லாத இடத்தில் ஊரின் அறிவு சான்றாகும் என்பது முறையான சட்டக் கோட்பாடு. மின்ஹாஜ் போன்ற ஷாபிஈ நூல்கள், கண்ணால் கண்டதற்கே சாட்சி சொல்லலாம் என்ற பொதுவிதியிலிருந்து வமிசத்தை விலக்கி, அதில் ‘தஸாமுஃ’, அதாவது பலர் வாயிலாகப் பரவி நிலைத்த செய்தி, போதுமென அனுமதிக்கின்றன. பொய்க்காக ஒன்றுகூட முடியாத அளவு பலரிடமிருந்து கேட்டிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. தந்தைவழிக்கும் கோத்திரத்துக்கும் அது செல்லும். தாய்வழிக்கும் செல்லும் என்பதே சரியான கருத்து என்று அந்நூல் சேர்த்துரைக்கின்றது. இறந்த உறவினர் கூறிச்சென்ற உறவுச் செய்திகளை ஏற்கும் பிரிவு இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டத்திலும் உண்டு. தன் பிறப்பை நேரில் கண்டு அறிந்தவர் எவரும் இல்லை. எல்லோரும் பிறர் சொல்லியே அதை அறிகின்றோம் என்ற உண்மையை இவ்விரு மரபுகளும் மதித்துள்ளன.

அசாமில் எழுந்த வாதத்துக்கும் இங்கேயே மறுமொழி உண்டு. இந்தியாவின் 1946ஆம் ஆண்டு வெளிநாட்டார் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தான் வெளிநாட்டவரல்லர் என்று எண்பிக்கும் சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே வைத்தது. அசாமுக்கென 1983இல் இயற்றப்பட்ட சட்டம் அச்சுமையைக் குற்றஞ்சாட்டும் தரப்புக்கு மாற்றியது. 2005இல் இந்திய உச்ச நீதிமன்றம் சர்பானந்த சோனோவால் வழக்கில் அதனைச் செல்லாததாக்கி, பிறந்த இடமும் காலமும் பெற்றோரும் ஒருவருடைய தனிப்பட்ட அறிவுக்கு உட்பட்டவை, ஆகவே அவரே எண்பிக்கட்டும் என்ற வாதத்தை ஏற்றது. 2019 ஆகத்து 31ஆம் திகதி வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 இலட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெறவில்லை. பூட்டன் பிறந்த ஊர் எழுத்தறியாத உழவரின் தனிப்பட்ட அறிவு என்று கொள்வது, அறிவு என்பதன் இயல்பையே பிழைபடக் கொள்வதாகும். பதிவேடுகளைக் காத்துவைக்கும் அரசுக்கே அந்த அறிவு அதிகம். 2024 யூலையில் அதே நீதிமன்றம் ஓரளவு திருந்தி, ஐயத்துக்கு அடிப்படையான பொருளை அதிகாரிகள் முதலில் காட்ட வேண்டும், எவரையும் எழுந்தமானமாகச் சந்தேகித்துவிட முடியாது, பெயரின் எழுத்திலும் திகதியிலும் உள்ள சிறு வேறுபாடுகள் போதா என்று தீர்ப்பளித்தது.

ஒரு நாடு தன் எல்லையைக் காக்கக் கூடாது என்பது இவற்றின் கருத்தன்று. இன்று துறைமுகத்தில் வந்திறங்கி வதிவுரிமை கோருபவருக்கு, வெளியே இருந்தவர் என்பதே முந்திய நிலை. இஸ்திஸ்ஹாப் விதி அவருக்கு எதிராகவே இயங்கும், அவர் சான்று காட்டுவதே முறை. அந்த நீதியை நெடுங்காலம் குடியிருந்தவர் மீதும் செலுத்தி, இருவரையும் ‘கள்ளத்தோணி’ என்ற ஒரே வசைக்குள் அடக்கியதே 1950களின் இலங்கை செய்த பிழை.

நடைமுறையின் நேர்மை பற்றியும் இங்கு சொல்ல வேண்டும். யெமனுக்கு நீதிபதியாக அனுப்பப்பட்ட அலீ (ரழி) அவர்களுக்கு, ஒருவர் சொல்லைக் கேட்டதும் தீர்ப்பளிக்காது மற்றவரையும் கேட்கும்படி நபிகளார் பணித்ததாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. உமர் (ரழி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரழி) அவர்களுக்கு எழுதியதாக வழங்கும் கடிதம், சான்று தொலைவில் உள்ளதென்று சொல்பவருக்குத் தவணை கொடுக்கச் சொல்கின்றது. மண்டபத்தில் இருந்த ஏட்டைத் தேடியெடுக்க முடியாத தொழிலாளிக்குத் தவணை நீடிக்கப்படவில்லை. உள்ளத்தைத் துருவுவதும் நடந்தது: இலங்கையில் நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் உண்டா என்று ஆராயப் புகுந்த அதிகாரிகள், ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்பியதை அவ்வெண்ணம் இல்லை என்பதற்குச் சான்றாகக் கொண்டனர். போர்க்களத்தில் கலிமா, அதாவது இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி, சொன்னவரை அச்சத்தால் சொன்னாரென்று கருதிக் கொன்ற உஸாமா (ரழி) அவர்களிடம், அவருடைய இதயத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற கருத்துப்பட நபிகளார் கேட்ட கேள்வி, நீதிபதி வெளித்தெரிவதைக் கொண்டே தீர்ப்பளிக்கக் கடமைப்பட்டவர் என்ற கோட்பாட்டின் வேராகும். தாய்க்கு அனுப்பிய பணம் தாய் மீதுள்ள கடமைக்கே சான்று. அதிலிருந்து நாட்டின் மீதுள்ள பற்றை அளக்க எந்த நீதிமன்றமும் தகுதிபெற்றதன்று.

பின்னர் நிகழ்ந்தவை சுருக்கமாகச் சொல்லத்தக்கவை. 1964 அக்டோபர் 30ஆம் திகதிச் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களை அவர்களைக் கேளாமலே எண்களாகப் பிரித்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் தலைமன்னாரில் கப்பலேறினர். 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் ஒரு பகுதியைத் தீர்த்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வமிசாவழியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை உண்டு என்றது. நடமாடும் முகாம்களில் பிரகடனப் படிவத்தில் ஒப்பமிட்டு, சில நாட்களுக்குள் சுமார் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பிரஜைகளாயினர் என்று ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையம் பதிவுசெய்துள்ளது. ஐம்பது வருடங்களுக்கு மேலாகத் தீராத வழக்கு, எதிராளியின் சத்தியத்தை ஏற்றவுடன் தீர்ந்தது. மறுப்பவர் மீது சத்தியம் மாத்திரமே என்ற விதி 1949இலேயே பின்பற்றப்பட்டிருந்தால், அந்த ஒப்பம் அரை நூற்றாண்டுக்கு முன்பே போதுமாயிருந்திருக்கும்.

ஆயினும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு குறை எஞ்சியுள்ளது. அது தொடங்கிய திகதியிலிருந்தே பிரஜாவுரிமையை வழங்கியது. இம்மக்கள் என்றுமே பிரஜைகளாக இருந்தனர், சான்றின்றிப் பறிக்கப்பட்டது செல்லாது என்று அது சொல்லவில்லை. உறுதி ஐயத்தால் நீங்காது என்ற விதிப்படி, 1948க்கும் 2003க்கும் இடைப்பட்ட காலத்திலும் அவர்கள் பிரஜைகளே. வாக்களிக்காத தேர்தல்களும், கிடைக்காத அரச தொழில்களும், கடலுக்கு இருபுறமும் பிரிந்துபோன குடும்பங்களும் தீர்ப்பின் பிழையால் விளைந்த நட்டங்களே. ஆட்சியாளர் தீர்ப்பில் தவறிழைத்து அதனால் ஒருவர் தீங்குற்றால் ஈட்டை எவர் செலுத்துவது என்ற வினாவுக்கு மின்ஹாஜ் இரண்டு கருத்துகளைப் பதிவுசெய்கின்றது: ஆட்சியாளரின் உறவுவழிப் பொறுப்பாளர்கள் என்பது ஒன்று, பைத்துல்மால் எனப்படும் பொதுத் திறைசேரி என்பது மற்றொன்று. இலங்கையில் இவ்வினா இதுவரை எந்தச் சட்டத்திலும் எழுப்பப்படவில்லை. அதனை எழுப்பும் கடமை, பிரஜாவுரிமை மறுக்கப்பட்ட மலையக மக்களுக்கு மாத்திரம் உரியதன்று. அதே அளவுகோலின் முன் கைவிரித்திருக்கக்கூடிய, ஆனால் கேட்கப்படாமல் விடப்பட்ட சமூகங்களுக்கும் அதில் பங்கு உண்டு.